க்ளாத்தா, க்ளோத்ஸா?

மகாபலிபுரத்திலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரன் வாயில் சட்ராஸ். டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை இடிபாடாக இன்னும் நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறியது மெல்லிய மஸ்லின். அதாவது க்ளாத். க்ளோத்ஸ் அல்ல.

தீபாவளி முடிந்ததும் "ஐ பாட் எ நியூ க்ளாத்" என்று சொல்லும் நண்பர்களே, கொஞ்சம் நில்லுங்கள்! க்ளாத் என்றால் மீட்டரில் அளக்கிற துணி. முன்னால் 'எ' போட்டால் மேஜை துடைக்கிற துணி என்றுதான் கேட்பவன் நினைப்பான். உடுத்துவது க்ளோத்ஸ், அதற்கு ஒருமையே கிடையாது. இத்தனைக்கும் பழைய ஆங்கிலத்தில் க்ளாத்தின் பன்மைதான் க்ளோத்ஸ். பிற்பாடு அது தனிக்குடித்தனம் போய்விட்டது.

நம்மவர்கள் குழம்புவதிலும் நியாயம் இருக்கிறது. தறியிலிருந்து இறங்கும்போதே வேட்டியும் புடவையும் உடைதான், நடுவில் தையல்காரர் கிடையாது. அர்ஜுனன் தபசுச் சிற்பங்களின் இடுப்பைப் பாருங்கள், தைத்த துணியா தெரிகிறது? 'துணி எடுத்தாச்சா' என்று கேட்டால் சட்டைக்கும் அதே வார்த்தைதானே!

வேடிக்கை இனிமேல்தான். 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்பில் உள்ளே விடவில்லை. சட்டசபையே கொதித்தது. அடுத்த மாதமே தனிச் சட்டம் வந்தது: வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் கிளப்பின் உரிமம் ரத்து. 2019 அக்டோபரில் மகாபலிபுரத்தில் சீன அதிபரை வரவேற்றபோது பிரதமர் கட்டியிருந்ததும் வேட்டிதான். ஆக, வேட்டி மரியாதையான உடை. சந்தேகமே இல்லை.

ஆனால் காமர்ஸ்காரர்கள் ஜிஎஸ்டி அட்டவணையைப் புரட்டினால் வேறு கதை. அங்கே வேட்டியும் புடவையும் ஆயத்த ஆடை வரிசையில் இல்லை. துணி வரிசையில் இருக்கின்றன. அதாவது க்ளாத்! 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய்க்கு மேற்பட்ட சட்டைக்கு 18 சதவீதம் வரி. அதே விலைக்கு வேட்டி எடுத்தால் 5 சதவீதம்தான். கிளப் வாசலில் உடை, பில் போடும் இடத்தில் துணி. வாங்குகிறவனுக்கு லாபம் என்பதால் யாரும் இதற்காகக் கொதிக்கவில்லை போலும்.

வெல்க்ரோ ஒட்டி, பாக்கெட் வைத்துத் தைத்த வேட்டிகள் இப்போது கடைகளில் தொங்குகின்றன. அது க்ளாத்தா, க்ளோத்ஸா? செங்கல்பட்டு பஜாரில் பில் போடுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். கூட்டமில்லாத நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.