முதலாளி யார்?

தமிழில் நாம் பொருள் பிறழ ஆளும் சொற்களுள் ‘முதலாளி’யும் ஒன்று. முதலை ஆள்பவர் முதலாளி. அவ்வாறாயின் ஒரு நிறுமத்தின் பத்துப் பங்குகளைப் பேழையில் பூட்டிவைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் அதன் முதலாளிகளுள் ஒருவரே. நாமோ தலைவர் நாற்காலியில் அமர்ந்திருப்பவரை மட்டுமே அப்பெயரால் அழைக்கிறோம்.

வணிகவியல் துறை நண்பர்கள் ‘நிறும ஆளுகை’ குறித்துத் தமிழ்வழி மாணவர்க்குப் பாடம் எழுத முற்பட்டபோது, கலைச்சொற்களைச் சரிபார்க்கும் பணி எங்கள் தமிழ்த்துறைக்கு வந்தது. இரண்டு நாள் வேலை என்றே எண்ணினோம். ஆனால் ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு வழக்கு நின்றது. அவற்றுள் பெரும்பாலானவை எங்களைச் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்திடமே கொண்டுசேர்த்தன.

2008 இறுதியில் அந்நிறுவனத்தில் ராமலிங்க ராஜு குடும்பத்தாரின் பங்கு பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. எஞ்சிய தொண்ணூறுக்கும் மேற்பட்ட விழுக்காடு பிறருடையது. எனினும் உலகம் அவரைத்தான் முதலாளி என்றது. அவரும் அப்படியே நடந்துகொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று, அவருடைய மகன்கள் நடத்திவந்த மேட்டாஸ் நிறுவனங்கள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்க இயக்குநர் குழு ஒப்புதல் அளித்தது. (சத்யம் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கினால் மேட்டாஸ். பெயரிலேயே உறவு எழுதியிருந்தது.) பங்குதாரர்கள் கொதித்தெழ, ஒரே நாளில் அம்முடிவு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று ராஜு எழுதிய கடிதத்தில், ஏட்டில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் அவரையும் வேறு சிலரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

இதில் எங்களைத் திகைக்கவைத்தது தொகையன்று. சட்டம் கேட்ட உறுப்புகளெல்லாம் அங்கே இருந்தன. சார்பிலா இயக்குநர்கள் இருந்தனர். தணிக்கைக் குழு இருந்தது. உலகறிந்த தணிக்கை நிறுவனம் கையொப்பமிட்டிருந்தது. கடிதம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சிறந்த நிறும ஆளுகைக்கான ‘தங்க மயில்’ விருதும் கிடைத்திருந்தது. அது பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

‘தணிக்கை’ என்ற சொல்லையே பாருங்கள். கணக்கை ஆராய்ந்து வெளிப்படுத்துவதும் தணிக்கை. திரைப்படத்தை வெட்டி மறைப்பதும் தணிக்கை. ஈழத்தார் ‘கணக்காய்வு’ என்கின்றனர். எந்தச் சொல் தெளிவானது என்பதில் எங்கள் துறையில் இரு கருத்து எழவில்லை.

அடுத்துச் ‘சார்புத் தரப்புப் பரிவர்த்தனை’. பெயர் நாவைப் புரட்டுகிறது. பொருள் மிக எளிது. பொதுப்பணத்தைக் கையாள்பவர் தம் உறவினரோடு கொடுக்கல் வாங்கல் செய்தால் அதனை மறைக்கலாகாது. உரியவர்களின் ஒப்புதலும் வேண்டும். இக்கருத்து நமக்கு இறக்குமதியன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டும் விலக்கவில்லை. சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன் என அவருடைய உறவினரையும் வரிசையாக விலக்கியது. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் கீழுள்ள உறவினர் பட்டியலில் அத்தை மகனுக்கும் மைத்துனனுக்கும் இடமில்லை. மூன்றாண்டு இடைவெளியின்றி ஒருவரே மீண்டும் வாரியத்தில் அமர இயலாது என்றது கல்வெட்டு. தொடர்ந்து இருமுறை பதவி வகித்த சார்பிலா இயக்குநருக்கு இன்றைய சட்டமும் மூன்றாண்டு இடைவெளியையே விதிக்கிறது.

இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அந்தச் சபை நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தணர் சபை. உழுதவருக்கு அங்கே ஓலையில்லை. ஆயினும் கணக்கையும் உறவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. ‘வாரியம்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த அறிவைக் கல்லிலேயே விட்டுவந்தோம்.

எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்த சொல் ‘இணக்கம்’. விதிகளுக்கு உட்பட்டு நடத்தலை அரசு ஆவணங்கள் இப்படித்தான் குறிக்கின்றன. ஆனால் தமிழில் இணங்குதல் என்பது மனிதரோடு ஒத்துப்போதல். ‘சரி, போகட்டும்’ என்று விட்டுக்கொடுத்தல். மேட்டாஸ் தீர்மானத்துக்குத் தலையசைத்த குழு, இந்தப் பொருளில் மிக இணக்கமான குழு. விதியைக் காப்பவரோ பலவேளைகளில் இணங்க மறுக்க வேண்டியவர். அவர் செய்யவேண்டியதற்கு நேர்மாறான பொருளைத் தரும் சொல்லை அவர் பதவிக்கே சூட்டியிருக்கிறோம்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1990களில் எங்கள் ஊர் நிதி நிறுவனம் ஒன்று கதவடைத்தது. பணிக்கொடையையும் மகள் திருமணத்துக்கான சேமிப்பையும் அங்கே வைத்திருந்த மூத்த ஆசிரியர்கள், வைப்புச் சீட்டோடு பூட்டின் முன் நின்றனர். சீட்டின் பின்புறம் நிபந்தனைகள் அனைத்தும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தன. சங்கப்பாடலுக்கு மூன்று உரை சொல்லவல்லவர்கள், தம் பணத்தைப் பற்றிய அந்த அரைப்பக்கத்துக்கு உரை கேட்க ஆளின்றி இருந்தார்கள். சொல் தெரிந்திருந்தால் பணம் மீண்டிருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. பணம் கட்டுமுன் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள்.

இன்று எங்கள் வகுப்பில் அமரும் மாணவர்களுள் சிலர் நாளை நிறுமச் செயலர்கள் ஆவர். பலர் பரஸ்பர நிதியில் மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டுவர். இரு சாராருக்கும் இச்சொற்கள் தேவை. தேர்வுக்கு வேண்டும் என்பதால் ‘இணக்கம்’ என்பதை நீக்க முடியவில்லை. அதனருகே ‘விதி கடைப்பிடிப்பு’ என்று எழுதி, இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நான்கு வரிகளில் விளக்கியிருக்கிறோம். பாடம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. இதனினும் பொருத்தமான சொல் நண்பர்களிடம் இருப்பின் அறியத் தாருங்கள்.