கடைசி வாங்குப் பிள்ளைகள்

எங்கள் சிலாபத்தில் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், பத்தாம் தரத்திலேயே படிப்பை மனதால் விட்டுவிடுகிறார்கள். உடம்பு மட்டும் கடைசி வாங்கில் இருக்கும்.

என் மாலை வகுப்பில் ஒரு பையன். கணக்கென்றாலே கொப்பியை மூடிவிடுவான். ஆனால் படகு கரைக்கு வந்தால் எண்ணெய்ச் செலவைக் கழித்து, படகுக்காரர் பங்கு போக ஆளுக்கு எவ்வளவு என்று வாயாலேயே சொல்லுவான். அதையே பலகையில் எழுதச் சொன்னேன். விகிதம் தனக்குத் தெரியும் என்பது அவனுக்கே அப்போதுதான் புரிந்தது. இப்போது அவன் பரீட்சையில் வெறுந்தாள் கொடுப்பதில்லை.

பெற்றோரே, சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் எல்லாம் முடிந்தது என்று பயமுறுத்தாதீர்கள். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில், சித்தியடையாத பிள்ளையும் தொழிற்பாடப் பிரிவில் தொடரலாம். வலயக் கல்வி அலுவலகத்தில் ஒருதரம் விசாரியுங்கள்.