ஜூன் மாத வருகைப் பதிவேடு

கரிசல் நிலத்தில் ஏப்ரல் என்பது கணக்கு முடிக்கும் மாதம். பருத்தியில் கடைசி எடுப்பு முடிந்திருக்கும். மிளகாய் வற்றல் களத்தை விட்டுச் சந்தைக்குப் போயிருக்கும். வரவு எவ்வளவு, கடன் எவ்வளவு, மிச்சம் என்ன என்று குடியானவன் திண்ணையில் அமர்ந்து விரல்விட்டு எண்ணுகின்ற அந்நாள்களிலேதான் நம் பள்ளிக்கூடங்களும் தம் ஓராண்டுக் கணக்கை முடித்து ஊரார் முன்னிலையில் வாசிக்கின்றன. அதற்கு ஆண்டறிக்கை என்று பெயர்.

சென்ற ஆண்டு ஏப்ரல் இறுதியில் மல்லாங்கிணற்றில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் அமர்ந்து, அத்தகைய அறிக்கையொன்றைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே அமைந்த பேரூராட்சி மல்லாங்கிணறு. மானம் பார்த்த பூமி. ஆனால் கல்வியைப் பற்றிய பேச்சு இவ்வூருக்குப் புதிதன்று. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் இவ்வூரைச் சேர்ந்தவர். அவருடைய தம்பி தங்கம் தென்னரசு 2006 முதல் 2011 வரை தமிழகத்தின் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தார். சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல் நிறைவேறியது அக்காலத்திலேதான்.

தலைமையாசிரியர் வாசித்த அறிக்கை எல்லா ஆண்டறிக்கைகளையும் போலவே அமைந்திருந்தது. முந்தைய ஆண்டின் தேர்ச்சி விழுக்காடு முதலில் வந்தது. பிறகு கபடியும் கோ-கோவும் ஓட்டப் பந்தயங்களும். பின்னர் திருக்குறள் ஒப்புவித்தல், அறிவியல் கண்காட்சி, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு பெயர் வாசிக்கப்பட்டபோதும் பந்தலின் ஒரு மூலையிலிருந்து கைதட்டல் எழுந்தது. எந்த மூலையிலிருந்து எழுகின்றது என்று பார்த்தாலே அப்பிள்ளையின் தெரு எது என்று சொல்லிவிடலாம். வெயிலில் காய்ந்து கறுத்த முகங்கள், தம் பிள்ளையின் பெயர் ஒலிபெருக்கியில் ஒலிக்கக் கேட்டு மலர்கின்ற காட்சியை எத்தனை முறை கண்டாலும் நமக்குச் சலிப்பதில்லை.

இம்மகிழ்ச்சிக்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்றுண்டு. நூறாண்டுகளுக்கும் முன்னர் விருதுபட்டியில், வீட்டுக்கு வீடு நாள்தோறும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்தார்கள் தாய்மார்கள். அந்தப் பிடியரிசியைத் திரட்டி விற்ற பணத்தில் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தந்தது 1889-இல் தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலை. அங்கே படித்தவர்களுள் ஒருவர் காமராசர். தந்தையை இளமையிலே இழந்து, படிப்பு பாதியில் நின்று, தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த அச்சிறுவர்தாம் பிற்காலத்தில் முதலமைச்சராகி, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பசிக்கின்ற பிள்ளை ஏன் படிக்க வருவதில்லை என்று அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்று அவர் பிறந்த ஜூலை 15-ஆம் நாளைத் தமிழகப் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன.

அந்த மண்ணின் மாவட்டம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் நின்றது. 2018-இல் 97.05 விழுக்காடு, இடையில் முதலிடத்தை இழந்து, 2023-இல் 97.85 விழுக்காட்டோடு மீண்டும் அதனைப் பெற்றது. ஆறுகள் வற்றிய, வானத்தை நம்பிய ஒரு மாவட்டம் இதைச் செய்தது என்றால், அங்குள்ள ஆசிரியர்களின் மாலைநேர வகுப்புகளையும் பெற்றோரின் பட்டினியையும் யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. 2017-ஆம் ஆண்டில் மாநில, மாவட்டத் தரவரிசைகளை வெளியிடும் வழக்கத்தை அரசு கைவிட்டது. முதல் மூவரின் படங்கள் மட்டும் நாளிதழ்களை நிறைத்த காலம் முடிந்தது. அது நல்லதொரு மாற்றம். ஆயினும் விழுக்காடு என்னும் சொல்லின்மீது நமக்குள்ள மயக்கம் மட்டும் தீரவில்லை.

விழுக்காடு எதைக் கணக்கிடுகின்றது? தேர்வு எழுதியவர்களுள் எத்தனை பேர் தேறினர் என்பதை. தேர்வுக்கு வராமற்போனவர் அந்தக் கணக்கின் மேலும் இல்லை, கீழும் இல்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்து, எட்டிலோ ஒன்பதிலோ மெல்ல மறைந்துபோன பிள்ளை எந்த விழுக்காட்டையும் குறைப்பதில்லை. இன்னும் சொல்லப்போனால், படிப்பில் பின்தங்கிய பிள்ளை தேர்வுக்கு முன்பே நின்றுவிட்டால், எவர் விரும்பாவிட்டாலும், விழுக்காடு சற்றே உயரவும் கூடும். இது ஒரு பள்ளியின்மீதோ ஒரு மாவட்டத்தின்மீதோ நாம் சுமத்தும் குற்றம் அன்று. எண்ணும் முறையிலேயே உள்ள பள்ளம்.

நற்செய்தியில் நூறு ஆடுகளையுடைய ஆயனின் உவமையை நாம் ஆண்டுதோறும் கேட்கின்றோம். ஒன்றைத் தேடிச் செல்ல அவன் தொண்ணூற்றொன்பதை விட்டுச் சென்றதையே பெரிதும் பேசுகின்றோம். அதற்கு முந்திய செயலொன்றைக் கவனிக்க மறந்துவிடுகின்றோம். தன்னிடம் இருந்தவை நூறு என்று அவன் எண்ணி வைத்திருந்தான். மாலையில் பட்டிக்கு வந்து சேர்ந்தவற்றை மட்டும் எண்ணியிருந்தால், தொண்ணூற்றொன்பதும் நலமாக வந்தன. தேர்ச்சி நூறு விழுக்காடு என்று சொல்லிப் படுத்துறங்கியிருப்பான். காணாமற்போனதை அறிவதற்கு முதலில் எல்லாரையும் எண்ணியிருக்க வேண்டும்.

இம்மாவட்டத்தில் காணாமற்போகின்ற பிள்ளைகளின் வழி, பெரும்பாலும் கோடை விடுமுறையின் வழியே செல்கின்றது. பிற ஊர்களில் விடுமுறை என்றால் பாட்டி வீடு, கிணற்றுக் குளியல், நுங்கு. இங்கே வெயிலுக்கு வேறொரு பொருளும் உண்டு. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்யா நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சி செய்யும் தொழிலைக் கற்று வந்தனர். அத்தொழிலும் அதன்பின் வந்த பட்டாசும் இங்கே வேரூன்றியதற்கு மழை குறைந்த இந்த வறண்ட வானமும் ஒரு காரணம். குச்சியும் மருந்தும் காய்வதற்கு வெயில் வேண்டும். வெயில் மிகுந்த மாதங்களிலேதான் பள்ளிக்கூடமும் பூட்டிக்கிடக்கின்றது. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் ஒரு காலத்தில் சிறு விரல்களைத் தேடி விடியுமுன்னே வண்டிகள் ஊரூராக வந்தன. அந்நிலை இன்று பெரிதும் மாறியிருக்கின்றது. 1986-ஆம் ஆண்டின் சட்டமும், சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அம்மாற்றத்தில் பெரும்பங்கு வகித்தன. அபாயகரத் தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குழந்தைக்குப் பதிலாக அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க வழிசெய்ய வேண்டும். இயலாவிடில் அரசு 5,000 ரூபாயை அக்குழந்தையின் பெயரால் நலநிதியில் சேர்க்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. பிள்ளையை மீட்டால் மட்டும் போதாது, பிள்ளை ஈட்டிய கூலிக்கும் வழி சொல்ல வேண்டும் என்பதை நீதிமன்றமே உணர்ந்திருந்தது.

விழா முடிந்து நாம் புறப்படும் வேளையில் ஒரு தாய் நம்மை அணுகினார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய மகன் பக்கத்தில் நின்றான். கையில் ஓட்டப் பந்தயத்தில் வென்ற பரிசு.

“பரீட்சை முடிஞ்சிருச்சு சாமி. இனிப் பள்ளிக்கூடம் தெறக்கிற வரைக்கும் சும்மாதான இருக்கான். ரெண்டு மாசம் பயராபீசுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். வயசு பதினாறாச்சு. பதினாலு முடிஞ்சா யாரும் கேக்கமாட்டாகன்னு சொல்றாக” என்றார்.

இப்படிச் சொல்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். 2016-இல் திருத்தப்பட்ட சட்டத்தை நம்மில் பலரும் அறிந்திருக்கவில்லை. பதினான்கு வயது நிறையாத குழந்தையை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் கைகொடுக்கலாம் என்றொரு விலக்கு உண்டு. ஆனால் அதுவும் அபாயகரத் தொழிலுக்குப் பொருந்தாது. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள வளரிளம் பருவத்தினர் பிற வேலைகள் செய்யலாம். சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள் ஆகியவை சார்ந்த வேலைகள் அவர்களுக்கும் முற்றிலும் தடை. அத்தடையின் காரணத்தை இம்மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டுவதில்லை. 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோரும், 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோரும் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் மாண்டனர்.

இவற்றை அத்தாய்க்குச் சுருக்கமாகச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அப்ப அந்த ரூவாய யாரு சாமி குடுப்பா?”

அக்கேள்வியில் கோபம் இல்லை, ஏமாற்றும் இல்லை. பதினொன்றாம் வகுப்புக்கு வேண்டிய செலவை எண்ணித்தான் அவர் வேலையைப் பற்றியே நினைத்திருக்கின்றார். படிப்புக்காகத்தான் பயராபீசு. ஆனால் இரண்டு மாதக் கூலியைக் கையில் வாங்கிப் பழகிய பையன் மூன்றாம் மாதம் புத்தகப் பையைத் தூக்குவானா என்பது, அவ்வீதிகளில் நடந்து பழகிய எந்த ஆசிரியரையும் அஞ்சவைக்கின்ற ஐயம். கடன் கொடுத்தவர் ஒருபுறம், வாரக் கூலி மறுபுறம் என்று ஆனபின், ‘அடுத்த வருசம் சேர்த்துக்கலாம்’ என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்துவிடும். அந்த அடுத்த வருடம் பலருக்கு வந்ததே இல்லை.

பங்கு மக்களுள் ஒருவர் விருதுநகரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கின்றார். கோடையில் புதிய கல்வியாண்டுக்கான சரக்கு வந்து குவியும் கடை அது. அவரிடம் சொன்னோம், பையனை இரண்டு மாதத்துக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டார். கூலி பயராபீசு அளவுக்கு இல்லை. குறைந்த தொகையை அவரே நோட்டுப் புத்தகங்களாகவும் சீருடைத் துணியாகவும் ஈடுசெய்தார். ஜூன் மாதத்தில் அவன் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தான். இதனைப் பெரிய சாதனையாக எழுதவில்லை. ஒரு கடை, ஒரு பையன், இரண்டு மாதங்கள், அவ்வளவே. ஆனால் அத்தாயின் கேள்விக்கு விடை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, பக்கத்துத் தெருவில் இருக்கின்றது என்பதை அக்கடைக்காரர் நமக்குக் காட்டினார்.

உதவிகள் இன்று இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பெற்றது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. பத்திலும் பன்னிரண்டிலும் தவறியவர்கள் ஓராண்டு காத்திராமல் உடனே எழுதத் துணைத் தேர்வு இருக்கின்றது. ஆனால் இவையெல்லாம் பள்ளியோடு உறவு அறாத பிள்ளைக்குத்தான் பயன்படும். தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில், தவறிய பிள்ளையின் வீட்டுக்கு யார் போகின்றார்கள்? வென்ற பிள்ளையின் வீட்டுக்கு இனிப்போடு போகின்ற கால்கள், அதே தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகின்ற பிள்ளையின் வாசலிலும் சற்று நிற்க வேண்டாவா?

நல்ல ஆசிரியர்கள் நிற்கின்றார்கள். பள்ளி திறந்த முதல் வாரத்தில், வராத பிள்ளைகளின் பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, வெயிலில் இருசக்கர வண்டியில் ஊரூராகச் செல்கின்ற ஆசிரியைகளை நாம் அறிவோம். கருவேலங்காட்டில் கரிமூட்டத்தின் அருகிலிருந்தும், சகோதரியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் திண்ணையிலிருந்தும் அவர்கள் பிள்ளைகளை அழைத்து வருகின்றார்கள். அந்தத் துண்டுத்தாள் எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. கேடயம் வென்றவரின் பெயரோடு, திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கையும் மேடையில் வாசிக்கப்பட வேண்டும் என்பது நமது விருப்பம். ஆறாம் வகுப்பில் சேர்ந்தோர் இத்தனை பேர், பத்தாம் வகுப்பை முடித்தோர் இத்தனை பேர், இடையில் நின்றோரைத் தேடிச் சென்றது இத்தனை முறை என்று ஒரு தலைமையாசிரியர் துணிந்து வாசிப்பாரானால், அதற்கும் பந்தலின் எல்லா மூலைகளிலிருந்தும் கைதட்டல் எழ வேண்டும்.

அன்பார்ந்த வாசகர்களே, ஆசிரியருக்குத் தெரிவது அவர் வகுப்பு மட்டுமே. தெருவைத் தெரிந்தவர்கள் நீங்கள். எந்த வீட்டில் தந்தை நோயுற்றுக் கிடக்கின்றார், எந்த வீட்டில் முன்பணம் வாங்கியிருக்கின்றார்கள், எந்தப் பிள்ளை இரண்டு நாளாக வெளியில் தலைகாட்டவில்லை என்பதெல்லாம் உங்கள் அன்பியக் கூட்டங்களில் பேசப்படுகின்ற செய்திகளே. இவ்வாண்டு கோடை தொடங்கும்போதே உங்கள் தெருவில் படிக்கின்ற பிள்ளைகளை, எச்சமயத்தார் ஆயினும், ஒருமுறை எண்ணி வையுங்கள். கடையோ பட்டறையோ வைத்திருப்போர், ஆபத்தில்லாத வேலையொன்றை இரண்டு மாதத்துக்கு ஒரு பிள்ளைக்குத் தர இயலுமா என்று பாருங்கள். இயலாதோர், பிடியரிசி வைத்த அத்தாய்மார்களைப் போல, வாரந்தோறும் சிறுதொகை ஒன்றை ஒதுக்கி வையுங்கள். அது ஒரு பிள்ளையின் சேர்க்கைச் செலவுக்கேனும் ஆகும். பள்ளி திறந்த மறுநாள் காலையில், வேலிக்கு அப்பால் நின்று மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால், அன்று மாலைக்குள் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.