கோவிலுக்கு வர முடியாதவங்க

இன்னிக்குப் பூசை முடிஞ்சதும் எங்க அன்பியம் வாட்ஸ்அப் குழுவில ஒரு வாய்ஸ் மெசேஜ்.
படுத்த படுக்கையா இருக்கிற ஒரு பாட்டிம்மா.

"பூசை பாத்தேன்யா. ஃபாதர் பிரசங்கம் நல்லாக் கேட்டுச்சு."

அவ்வளவுதான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

யூடியூப்ல நேரலை போடுறது பீடத்துல உதவி செஞ்சு வளர்ந்த நம்ம பசங்கதான். ஒரு செல்போன், ஒரு ஸ்டாண்டு.

இருந்த இடத்துலயே பூசை காண்றது புதுசில்ல. அசிசி நகர்ப் புனித கிளாரா நோயில கிடந்தப்ப, போக முடியாத கிறிஸ்துமஸ் பூசையைத் தன் அறையிலயே கண்டாங்கன்னு மரபு. அதனாலதான் 1958-ல திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவங்களைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியா அறிவிச்சாரு.
இணையத்துக்கும் ஒரு புனிதர் உண்டு: நற்கருணைப் புதுமைகளை இணையதளத்துல தொகுத்த கார்லோ அகுதிஸ், 15 வயசுல இறந்த பையன், 2025 செப்டம்பர் 7-ல புனிதராயிட்டாரு.

ஆனா நற்கருணையை யூடியூப் கொண்டுபோய்க் கொடுக்காது.
யாராவது படியேறிப் போகணும்.
நேரலை பாக்குறது யார் யாருன்னு தெரிஞ்சா, அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம். எனக்கு அதுதான் பெரிசாத் தெரியுது.

உங்க பங்குல, வர முடியாதவங்க பட்டியல் யார்கிட்ட இருக்கு?