ஆளே மாறிட்டான்

திருவேற்காட்டு டீக்கடை வாசலில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆளே மாறிட்டாண்ணா." குடியை விட்டவனைச் சொன்னாரா, காசு வந்ததும் முகம் கொடுக்காமல் போனவனைச் சொன்னாரா, தெரியவில்லை. என் பேருந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சொல் மனத்தை விட்டுப் போகவில்லை.

முழுதாக மாறுவதைச் சொல்ல நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தலைகீழாக மாறியது, அடியோடு மாறியது, மறுபிறவி எடுத்தான். எனக்குப் பிடித்தது இந்த 'ஆளே'தான். ஆள் நிஜமாகவே மாறியிருந்தால் அதற்கு வேறு சொல் உண்டு: ஆள்மாறாட்டம். அது நீதிமன்றத்துக்குப் போகிற விஷயம். 'ஆளே மாறிட்டான்' என்பவர், அவன் இன்னான் என்று தெரிந்துதான் சொல்கிறார். பழைய ஆள் உள்ளே இருந்தால்தான் இந்த வாக்கியத்தையே பேச முடியும்.

புழு பட்டாம்பூச்சியாவதை உருமாற்றம் என்கிறோம். உருதான் மாறுகிறது என்று யார் சொல்லிவைத்தார்களோ, சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டுக்குள் புழுவின் உடம்பில் பெரும்பகுதி கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. ஆனால் 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில், புகையிலைச் செடியைத் தின்னும் ஒரு புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டி லேசான மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். கடைசிப் பருவத்தில் பழகிய புழுக்கள் அந்துப்பூச்சியாகிச் சிறகு விரித்த பிறகும் அந்த வாசனையை விட்டு விலகின. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்தச் சொல்லை நான் கேட்ட திருவேற்காடும் அப்படித்தான். வேலமரக் காடாக இருந்ததால் வேற்காடு. காடு போய் வயல், வயல் போய் மனை, மனை போய் அடுக்குமாடி. வேதபுரீசுவரர் கோயிலின் தலமரம் மட்டும் இன்றும் வெள்வேலம். சேக்கிழார் இவ்வூரைப் பாலாற்றின் வடகரையில் வைத்துப் பாடுகிறார். இன்று ஊரை ஒட்டிப் போவது கூவம். ஊர் இருக்க ஆறே மாறிவிட்டது.

அந்தச் சேக்கிழார் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் எழுதியபோது, திருவேற்காட்டில் பிறந்த மூர்க்க நாயனாரை அவர் எப்படிக் கையாண்டார் என்பதைத்தான் நான் மறுபடி மறுபடி படிக்கிறேன். நாயனார் வேளாளர். அடியார்க்கு அமுது படைக்காமல் தான் உண்ணமாட்டார். நிலமும் உடைமையும் விற்றுத் தீர்ந்தன. கைவசம் மிஞ்சியது, முன்பு கற்று வைத்திருந்த சூதாட்டம். அதில் இறங்கினார். உள்ளூரில் அவரோடு ஆட ஆள் இல்லாமல் போகவே, ஊர் ஊராகப் போய்க் குடந்தையை அடைந்தார். முதல் ஆட்டத்தில் தோற்பார். எதிராளி துணிந்து பந்தயத்தை ஏற்றியதும் அடுத்தடுத்து வெல்வார். தோற்றவன் பணம் தர மறுத்தால் உடைவாளை உருவிக் குத்துவார். மூர்க்கர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். வென்ற பணத்தைத் தன் கையால் தொடமாட்டார், சமையற்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். அடியார்கள் எல்லாரும் உண்ட பிறகு கடைசிப் பந்தியில் உட்காருவார்.

வேறு யாராவது எழுதியிருந்தால் ஓரிடத்தில் அவரைத் திருத்தியிருப்பார்கள். இறைவன் கனவில் வந்து கவற்றைப் பிடுங்கியிருப்பார். நாயனார் அழுது புதிய மனிதராக எழுந்திருப்பார். சேக்கிழார் அப்படி எதுவும் செய்யவில்லை. சூதாடியாகவே கடைசிவரை ஆடவைத்துச் சிவனடிக்கு அனுப்புகிறார். குத்துப்பட்டவனை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்தக் கத்தியை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் ஒரு மனிதனை உயர்த்துவதற்கு முதலில் அவனை வேறொருவனாக ஆக்கவேண்டும் என்று நினைக்காத அந்தக் கவிமனத்தின் முன்னால் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

நிலத்தை விற்றுச் சூதாட உட்கார்ந்த நாளில் ஊரார் நிச்சயம் சொல்லியிருப்பார்கள், ஆளே மாறிட்டார் என்று. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன அடியார்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். சொத்து இருந்தபோதும் அதே பந்தி, போன பிறகும் அதே பந்தி. மாறியதெல்லாம் அரிசி வாங்கக் காசு வந்த வழி.