இரண்டாம் மாசத்து மாத்திரை

காசநோய் மருந்துக்கு அடங்காமல் போவது பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில்தான் தொடங்குகிறது. இது வீடு வீடாய்ப் போய்வருகிற ஹெல்த் விசிட்டரான என் கணிப்பு. முதல் மாதம் இருமலும் காய்ச்சலும் ஆளைப் பயமுறுத்தி வைத்திருக்கும். அப்புறம் பசியெடுக்கும், எடை கூடும், வாழைத்தார் வெட்டக் கூப்பிடுவார்கள். "நல்லாத்தான இருக்கேன் அண்ணாச்சி, இன்னும் எதுக்கு மாத்திர?" ஸ்ரீவைகுண்டத்துத் திண்ணைகளில் இதை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.

பிரசங்கம் பலிக்காது. "ஒண்ணுக்கு என்ன நிறத்துல போகுது?" என்று கேட்பேன். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் உள்ளே போன சில மணி நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிவிடும். "பாக்கலியே" என்று பதில் இழுத்தால் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணுவேன். அதையும் போலீஸ் தோரணையில் செய்தால், அடுத்த தடவை அட்டை காலியாக இருக்கும். மாத்திரை வாய்க்காலில் கிடக்கும். வயிற்றைப் புரட்டுகிறதா, வெறும் வயிற்றோடு வயலுக்குப் போகிறாரா, சாயங்காலம் குடிக்கிறாரா? காரணம் வெளியே வந்தால் டாக்டரிடம் சொல்லி வழி பண்ணலாம்.

ஒரு மாத்திரைகூடத் தின்னாதவருக்கும் அடங்காத கிருமி மற்றவரிடமிருந்து நேரே வரும். அதனால் சளியை முதலிலேயே சிபிநாட் கருவியில் வைக்கிறோம். ரிஃபாம்பிசின் கேட்குமா என்பது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மும்பை தாராவியிலிருந்து இருமலோடு ஊர் திரும்புகிறவரிடம், முன்பு டிபி மருந்து சாப்பிட்டதுண்டா என்று வேறு வேறு விதமாகக் கேட்பேன். எந்த மருந்துக்குமே அடங்காத நோயாளிகள் இருப்பதாக மும்பை டாக்டர்கள் 2012-ல் அறிவித்ததை மறக்க முடியவில்லை.

வீட்டுக்காரர்கள் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைப்பார்கள். கொசுவுக்குப் பயந்து ஜன்னலை அட்டைப்பெட்டியால் அடைத்திருப்பார்கள். தட்டை விட்டுவிட்டு ஜன்னல் அட்டையைப் பிரிக்கச் சொல்வேன். நோய் பரவுவது காற்றில். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் கூட இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுவதில்லை என்று 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு உலகத்துக்கே காட்டியது. அதன்பின் காசநோய் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன.

பல மருந்துகளுக்கு அடங்காத எம்டிஆர் காசநோய் என்றால் முன்பெல்லாம் இரண்டு வருஷம் வரை மருந்து, மாதக்கணக்கில் ஊசி. காது போனவர்களும் உண்டு. 2024-ல் மத்திய அரசு அனுமதித்த பெடாகுவிலின் கூட்டுமருந்து பலருக்கு ஆறே மாதம், எல்லாம் மாத்திரைதான். ஆனால் அதில் ரிஃபாம்பிசின் கிடையாது. நிறம் கேட்கும் வித்தை செல்லாது. அதிலுள்ள லினிசாலிட் சிலருக்குக் கால் எரிச்சல் தரும். அதற்குப் பயந்தே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அந்த வீடுகளில் இப்போது, "காலு எரியுதா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறேன்.