நாள் தள்ளிப்போவதற்கு முன்பே

உயிரியல் ஆய்வகத்துக்குள் நான் நுழைந்தபோது டீச்சர் ஸ்டூல் மேல் ஏறி நின்று காலண்டர் தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தார். சாமி படத்தைக் கிழித்துவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்ட பழைய மாதக் காலண்டர். ஜூனில் தொடங்கி மார்ச் வரை பத்துத் தாள்கள், கரும்பலகையின் ஓரத்திலிருந்து சன்னல் வரை வரிசையாக. கீழே மேசையில் ஒரு தாம்பாளம். அதில் சிட்டிகை கோலமாவு, துவரம்பருப்பு, நெல்லிக்காய், பெரிய எலுமிச்சம்பழம். பக்கத்தில் ஒரு கைப்பிடி பூவரசு இலை.

காவிரிக் கடைமடையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பிளஸ் டூ வகுப்பு. விலங்கியல் பாடநூலில் மனித இனப்பெருக்கம் தனிப் பாடமாகவே இருக்கிறது. நான் படித்த காலத்திலும் இருந்தது. எங்கள் ஆசிரியர் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “இதை வீட்டுல படிச்சுக்கங்க” என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிற துணிச்சல் யாருக்கு இருந்தது? அதனால்தான் இந்த வகுப்பைப் பார்க்க அனுமதி கேட்டு வந்திருந்தேன். ஊரின் கிராம சுகாதார செவிலியரும் வந்திருந்தார். பாதி வகுப்பை அவர்தான் நடத்தப்போகிறார் என்றார் டீச்சர்.

செவிலியர் தாய்-சேய் நல அட்டை ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

“இது உங்க எல்லார் வீட்டுலயும் பீரோவுக்குள்ள எங்கயோ இருக்கும். உங்களப் பத்தி மொதமொதல்ல எழுதுனது இதுலதான். இதுல முக்கியமான ஒரு கேள்வி, கடைசியா எப்ப தூரமானீங்கங்கறது.”

பின்வரிசையில் சிரிப்புச் சத்தம். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் கரும்பலகையில் ஜூன் 10 என்று எழுதினார். “மாசத்துல மூணு கழி, தேதியில ஏழு கூட்டு.” கணக்கு என்றதும் சிரிப்பு அடங்கிவிட்டது. மார்ச் 17 என்று நாலைந்து குரல்கள். ஒரு பெண் எழுந்து காலண்டரில் ஒவ்வொரு மாதத்தின் நாளையும் கூட்டிப் பார்த்து, 280 நாள் சரியாக வருகிறது என்றாள்.

அடுத்த வட்டம் ஜூன் 24இல் விழுந்தது. கரு உண்டாவது ஏறக்குறைய அன்றைக்குத்தான். முன்வரிசைப் பையன் கை தூக்கினான். “அப்ப அட்டைக் கணக்குல மொத ரெண்டு வாரம் கருவே இல்லையா சிஸ்டர்?”

“இல்ல தம்பி. தூரமான தேதிதான் எல்லாருக்கும் நினைவிருக்கும், அதனால அங்கேருந்து எண்ணுறோம்.”

பிரசவித்த பெண்களே பலர் அறியாத கணக்கு இது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் கேட்டுத் தெரிந்துகொண்டான் என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

பிறகு டீச்சர் காலண்டர் ஓரமாகவே நடந்தார். கருக்குழாயில் சந்தித்த சினைமுட்டையும் விந்தணுவும் ஒன்றாகி, கோலமாவுத் துகள் அளவில் இருந்துகொண்டே இரண்டாக, நான்காகப் பிரிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கருப்பையில் ஒட்டிக்கொள்கிறது. ஜூலை 8 வந்தால் நாள் தள்ளிப்போனது தெரியவரும். “வேலை அலைச்சல், தள்ளிப்போயிருக்கும்னு நெனச்சுட்டு இன்னும் ஒரு வாரம் பாப்பாங்க” என்றார் செவிலியர். டீச்சர் ஜூலை 16இல் ஒரு சிவப்பு வட்டம் போட்டார். ஆடி பிறக்கிற சமயம். கருவுக்கு அன்று இருபத்திரண்டு நாள்தான். இதயக்குழாய் துடிக்கத் தொடங்கும் நாள் அதை ஒட்டித்தான் வரும்.

ஜூலை 22. இங்கேதான் டீச்சர் நின்றார். பூவரசு இலை ஒன்றை எடுத்தார். “இதுல என்ன செய்வீங்க?” வகுப்பு முழுக்க, “பீப்பி மிஸ்!”

“நம்ம மூளையும் தண்டுவடமும் தொடக்கத்துல இந்த இலை மாதிரி தட்டையாத்தான் இருக்கு.” இலையின் இரண்டு விளிம்புகளையும் மெல்ல மேலே தூக்கினார். “ரெண்டு ஓரமும் எழும்பி நடுவுல வந்து சேரும். சேந்தது ரெண்டு பக்கமும் மூடிக்கிட்டே போகும். இதுதான் நரம்புக்குழல். மேல்முனை மூடலன்னா மூளை முழுசா உருவாகாது. கீழ்முனை மூடலன்னா முதுகுல தண்டுவடம் திறந்தபடி நின்னுடும். கரு உண்டான இருபத்தெட்டாம் நாளுக்குள்ள இந்த வேலை முடிஞ்சாகணும். அப்ப கரு இவ்வளவுதான்.” தாம்பாளத்திலிருந்து ஒரு துவரம்பருப்பை எடுத்துக் காட்டினார்.

இலைகளை எல்லோரும் வாங்கிச் சுருட்டிப் பார்த்தார்கள். ஒருவன் ஊதியும் பார்த்துவிட்டான். டீச்சர் தடுக்கவில்லை.

எனக்கு அந்த நேரம் சித்தி மகளின் முகம்தான் கண்ணில் நின்றது. அவளுடைய தலைச்சன் பிள்ளை முதுகில் ஒரு நீர்ப்பையோடு பிறந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது, கால்களில் பலம் வரவில்லை. கிரகணத்தன்று கொல்லைப்பக்கம் போனாள், அதனால்தான் என்று ஊர் சொன்னது. அவளும் அதை நம்பி, எந்தக் கிரகணம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். நரம்புக்குழல் மூட உதவும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினின் பெயரைக்கூட நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை. முன்பு இப்படிக் குறையோடு கரு உண்டான பெண்களுக்கு, அடுத்த கருவுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலத்தைக் கூடுதல் அளவில் கொடுத்துப் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் குழு நடத்திய ஆய்வு 1991இல் வெளிவந்தது. அந்தக் குறை திரும்ப வருவது 72 விழுக்காடு குறைந்தது. எல்லாக் குழந்தைகளையும் அது காத்துவிடாது. ஆனால் கிரகணத்துக்கும் அந்த இலை மூடாமல் போனதற்கும் தொடர்பில்லை என்று அவளிடம் சொல்ல, ஒரு வகுப்பறையில் ஒரே ஒரு முறை இந்தக் காலண்டர் ஒட்டப்பட்டிருந்தால் போதுமாயிருந்தது.

ஜூலை 8க்கும் 22க்கும் நடுவில் விரலை வைத்துச் செவிலியர் பேசினார். “எங்கிட்ட பெரும்பாலும் எப்ப வருவாங்க? ரெண்டு மாசம் தள்ளுனப்புறம், மசக்கை தாங்காம வருவாங்க. நான் மாத்திரை குடுப்பேன். ஆனா இந்த இலை எப்பவோ மூடியிருக்கும். அதனாலதான் சொல்றேன், குழந்தை வேணும்னு நெனைக்கிறப்பவே, ஒரு மாசம் முந்தியே, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் போகணும். மாசமானப்புறம் எங்கிட்ட தெரிஞ்சுக்கலாம்னு இருந்தா நேரமாயிடும். இப்பவே தெரிஞ்சுக்கணும்.”

நான் தேடி வந்த விடை இதுதான். வயதுக்கு வந்த பிள்ளைகளிடம் கர்ப்பத்தைப் பற்றிப் பேசினால் கெட்டுப்போவார்கள் என்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் தான் தாய் என்று ஒருத்திக்குத் தெரியவருவதற்கு முன்பே பாதி அஸ்திவாரம் போட்டாகிவிடுகிறது. அந்த அறிவைக் கல்யாணத்துக்கு அப்புறம் எந்தப் பள்ளிக்கூடம் போய்க் கற்பது? பெண்ணுக்குப் பதினெட்டு முடியாமல் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்பதையும், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் உடம்பு இன்னோர் உடம்பை வளர்க்கப் படும் பாட்டையும் இதே வகுப்பில்தான் செவிலியர் கூசாமல் சொன்னார்.

மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் மாத்திரைகளைப் பற்றி டீச்சர் சொன்னது ஒரு பழைய கதை. தாலிடோமைடு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தூக்க மாத்திரை. மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961இல் அங்கே திரும்பப் பெற்றார்கள். அந்த மாத்திரையால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்தும் வேறு குறைகளோடும் பிறந்தார்கள். பாதிப்பு நேர்ந்தது பெரும்பாலும் கருவின் இருபதாம் நாளுக்கும் முப்பத்தாறாம் நாளுக்கும் நடுவில். டீச்சர் காலண்டரில் ஜூலை 14இலிருந்து 30 வரை ஒரு கோடு இழுத்தார். வகுப்பில் பேச்சில்லை. முகப்பருவுக்குத் தரும் சில மாத்திரைகளும் கருவைச் சிதைக்கக்கூடியவை என்று அவர் சேர்த்துச் சொன்னபோது இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 19இல் நெல்லிக்காய். கருவுக்கு எட்டு வாரம், முக்கிய உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டாயிற்று. செப்டம்பர் தொடக்கத்தில் எலுமிச்சை. மீதி ஆறு மாதங்களை டீச்சர் வேகமாகக் கடந்தார். அது பெரும்பாலும் வளர்ச்சிதான். தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் கலப்பதில்லை, நஞ்சுக்கொடியின் மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடி உணவும் ஆக்சிஜனும் மாற்றிக்கொள்கின்றன என்பதை மட்டும் படம் போட்டு விளக்கினார்.

மார்ச் தாளுக்கு வந்ததும் செவிலியர் மேசைக்கு அடியிலிருந்து இரண்டு அரிசிப் பைகளை எடுத்தார். ஒன்று மூன்று கிலோ, இன்னொன்று இரண்டு. கைமாறிக் கைமாறிப் போயின. இரண்டரைக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த பிள்ளை.

“சின்னதா இருந்தா சுகமா பொறக்கும், ரொம்பத் திங்காதன்னு எங்க ஆயா சொல்லுவாங்களே” என்றாள் ஒரு பெண்.

“சொல்லுவாங்க. ஆயா காலத்துல ஆஸ்பத்திரி தூரம், அந்தப் பயத்துல சொன்னது. எடை கொறஞ்ச புள்ளைக்கு மூச்சு, சூடு, சளி எல்லாத்துலயும் போராட்டம் பாப்பா.”

ஆயாவைக் குறை சொல்லாமல் பதில் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. குங்குமப்பூ சாப்பிட்டால் சிவப்பாகப் பிறக்குமா என்ற கேள்விக்கும் அப்படித்தான். அதற்கு ஆகும் பணத்தில் எத்தனை முட்டை வாங்கலாம் என்று அவர்களையே கணக்குப் போடச் சொன்னார். சாம்பல், திருநீறு, சிலேட்டுக்குச்சி தின்னத் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், ரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கலாம், கூட்டி வாருங்கள் என்றார்.

இரும்பு என்றதும் அவர் குரல் கொஞ்சம் கடுமையானது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஒரு கர்ப்பத்துக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உடம்பில் சேமிப்பு நிறைவாக உள்ள பெண்ணிடமும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பதில்லை.

“வாரா வாரம் குடுக்குற நீல மாத்திரை எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். ஆய்வகத்துக்குப் பின்னாடி வாய்க்கால் ஓரம் போய்ப் பாத்துட்டுத்தான் வரேன்.”

நானும் வரும்போது பார்த்திருந்தேன். மண்ணில் பாதி கரைந்த நீலப் புள்ளிகள். வகுப்பு தலைகுனிந்தது. ஒரு பெண் மட்டும் எழுந்து, “வயித்தப் பொரட்டுது சிஸ்டர், வெறும் வயித்துல குடுக்குறாங்க” என்றாள். செவிலியர் திட்டவில்லை. அது நியாயம், இனி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்கிறேன், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், முடிந்தால் ஒரு நெல்லிக்காய் கடியுங்கள், மலம் கருப்பாகப் போனால் பயப்படாதீர்கள் என்றார். டீச்சர் அதை அப்போதே தன் டைரியில் குறித்துக்கொண்டார். கேள்வி கேட்க ஒருத்தி எழுந்ததால் பள்ளி முழுக்க ஒரு வழக்கம் மாறப்போகிறது. பாடநூலை மட்டும் வாசித்திருந்தால் இது வெளியே வந்திருக்காது.

மணி அடித்தது. காலண்டரைக் கழற்ற வேண்டாம், அடுத்த வகுப்பும் பார்க்கட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். வராந்தாவில் செவிலியர் பையைத் தோளில் மாட்டியபோது, இலையை ஊதிப் பார்த்த பையன் தயங்கி வந்தான்.

“சிஸ்டர், எங்க அண்ணிக்கு நாள் தள்ளிப்போயிருக்குன்னு அம்மா பேசிக்கிட்டாங்க. இன்னும் பதியல. ஒரு மாசம் கழிச்சுப் போகலாம்ங்கறாங்க.”

“எத்தனை நாள் தள்ளியிருக்கு தம்பி?”

“பத்து நாள் இருக்கும்.”

செவிலியர் திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே ஜூலைத் தாளைப் பார்த்தார். பிறகு, “தெரு பேரைச் சொல்லு” என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். “சாயங்காலம் நாலு மணிக்கு வரேன். நீயும் வீட்டுல இரு.”